பதவியேற்பு மேடையில் யார் ஜெபிப்பது? ஒபாமா – ரிக் வாரன் சர்ச்சை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறோம். கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் சிலர் பேருந்து பிடித்து வந்து கலந்து கொள்கிறார்கள். அரசியலும் சமயமும் ஒரே மேடையில் சந்திக்கும் இடங்களைப் பற்றிய ஒரு வரிசையில், 2009-இல் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் பதவியேற்பு விழாவுக்கு ஒரு போதகரை அழைத்ததால் எழுந்த சர்ச்சையை நான் எடுத்துப் பேசினேன். அன்று வந்த கேள்விகளும், அதன் பிறகு இன்றுவரை வந்துகொண்டிருக்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், என்ன நடந்தது?

2008 நவம்பர் 4 அன்று நடந்த தேர்தலில் ஒபாமா வென்றார். டிசம்பர் 17 அன்று, அடுத்த மாதம் நடைபெறவிருந்த பதவியேற்பு விழாவில் தொடக்க ஜெபம் செய்பவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த போதகர் ரிக் வாரன் என்ற அறிவிப்பு வந்தது. ஒருபாலினத் திருமணத்தையும் கருக்கலைப்பு உரிமையையும் வெளிப்படையாக எதிர்த்து வந்தவர் வாரன். இந்த அறிவிப்பைக் கண்டு கொதித்தவர்கள் ஒபாமாவின் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்லர். அவருக்காக வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டவர்களும், நன்கொடை கொடுத்தவர்களும், அவர் வென்ற இரவில் தெருவில் இறங்கி ஆடிப்பாடியவர்களுமே கொதித்தார்கள். சர்ச்சையின் மையம் அதுதான்.

ரிக் வாரன் யார்? நம் ஊரில் பங்குத்தந்தை என்கிறோமே, அவரைப் போன்றவரா?

இல்லை. புதுச்சேரியில் பாதிரியார் என்றவுடன் பலருக்கும் மிஷன் வீதிச் சம்பா கோயிலின் சாமியார்தான் நினைவுக்கு வருவார். அவர் ஆயருக்குக் கட்டுப்பட்ட, திருமணம் செய்துகொள்ளாத கத்தோலிக்கக் குரு. வாரன் அவ்வகையைச் சேர்ந்தவர் அல்லர். நம் பக்கத்தில் பாஸ்டர் என்று அழைக்கப்படும் போதகர் வகையைச் சேர்ந்தவர். 1980-இல் தெற்குக் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய சாடில்பேக் சபை, ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாயிரம் பேர் கூடும் பெரிய சபையாக வளர்ந்தது. அவர் எழுதிய ஆன்மிக நூல் கோடிக்கணக்கில் விற்றது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பணியிலும் வறுமை ஒழிப்பிலும் சபையார் இறங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் என்பதால், பழைய தலைமுறையைச் சேர்ந்த கடும்போக்குப் போதகர்களிலிருந்து அவரைச் சற்று வேறுபடுத்தியே பத்திரிகைகள் எழுதி வந்தன.

ஒபாமாவுக்கும் அவருக்கும் பழக்கம் முன்பே இருந்தது. 2006 டிசம்பரில் எய்ட்ஸ் பற்றிய கூட்டத்துக்கு, தம் சபையாரில் சிலருடைய எதிர்ப்பையும் மீறி, வாரன் ஒபாமாவைத் தம் சபைக்கு அழைத்திருந்தார். 2008 ஆகஸ்டில் ஒபாமாவையும் எதிர் வேட்பாளர் ஜான் மெக்கெயினையும் அதே சபை மேடையில் அமர்த்தி ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி கேட்டதும் அவர்தான்.

'எட்டாம் முன்மொழிவு' என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

இதைப் புரிந்துகொள்ளாமல் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கலிபோர்னிய மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2008 மே மாதத்தில் ஒருபாலினத் திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜூன் மாத நடுவிலிருந்து இணையர்கள் பதிவு அலுவலகங்களில் வரிசையில் நின்று மணம் செய்துகொண்டார்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 18,000 திருமணங்கள் நடந்தன. அந்த மாநிலத்தில் குடிமக்களே கையெழுத்துத் திரட்டி அரசமைப்புத் திருத்தத்தை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியும். அப்படிக் கொண்டுவரப்பட்டதே எட்டாம் முன்மொழிவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே செல்லும் என்று சொல்லும் அந்தத் திருத்தம் ஆங்கிலத்தில் பதினான்கே சொற்கள். அதற்கு ஆதரவாக வாக்களிக்குமாறு அக்டோபரில் தம் சபையாரிடம் வாரன் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ 52 விழுக்காட்டு வாக்குகளுடன் அது நிறைவேறியது.

நிறைவேறிய நாளும் நவம்பர் 4 தான். ஒரே வாக்குச்சாவடியில், ஒரே நாளில், கலிபோர்னியா ஒபாமாவைப் பெருவாரியாக வெல்ல வைத்தது. ஏற்கெனவே தாலி கட்டிக்கொண்டவர்களைப் பார்த்து, இனி உங்களைப் போன்றவர்களுக்கு இந்த உரிமை கிடையாது என்றும் சொன்னது. அந்த இரவில் ஒரு கண்ணால் சிரித்து மறு கண்ணால் அழுதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். புண் ஆறுவதற்கு முன், ஆறு வாரங்களில், அந்தத் திருத்தத்துக்கு ஆள் சேர்த்தவரே தங்கள் வெற்றி விழாவின் முதல் குரல் என்று அவர்கள் கேள்விப்பட்டார்கள்.

ஆனால் ஒபாமாவே அப்போது ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கவில்லையே? பிறகு என்ன ஏமாற்றம்?

உண்மைதான். 2008-இல் ஒபாமா சட்டப் பாதுகாப்புள்ள இணைவாழ்வை ஆதரித்தாரே தவிர, அதைத் திருமணம் என்று அழைப்பதை ஏற்கவில்லை. ஆனாலும் எட்டாம் முன்மொழிவை அவர் எதிர்த்தார். இருக்கிற உரிமையைப் பறிக்கக் கூடாது என்றார். தலைவர் தங்களோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை என்பது ஆதரவாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது; அதைப் பொறுத்துக்கொண்டுதான் உழைத்தார்கள். மேலும், அழைப்பு வெளியான அதே டிசம்பரில் வாரனின் நேர்காணல் ஒன்றும் வெளிவந்தது. உடன்பிறந்தோர் மணம், பலதார மணம், வயது முதிர்ந்தவர் குழந்தையை மணப்பது ஆகியவற்றோடு ஒருபாலினத் திருமணத்தை அவர் அதில் ஒரே வரிசையில் வைத்திருந்தார். தம் சொற்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன என்று பின்னர் அவர் விளக்கம் தந்தார். கேட்டவர்களின் மனத்தில் அந்த வரிசை தைத்துவிட்டது.

ஐந்து நிமிட ஜெபத்துக்கு இத்தனை கோபம் தேவையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு விடையாக அமெரிக்காவை விட்டுவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நேரில் பார்த்த ஒரு திருமணத்தைச் சொல்கிறேன்.

மணமகனின் தந்தை எனக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. இருபத்தைந்து ஆண்டுகள் சுற்றுவட்டாரத்தில் சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தலைமை தாங்கியவர். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டு உறுதிமொழி சொன்னால் போதும் என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் பகையைச் சம்பாதித்தவர். 1950-களில் அத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும், 1967-இல் அண்ணாவின் அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்து முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து ஏற்பளித்ததையும் அவர் ஒவ்வொரு மேடையிலும் தவறாமல் சொல்வார். தம் மகன் திருமணத்தில் பெண் வீட்டார் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் புரோகிதரை உட்கார வைத்தார். மணமேடையில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, சமித்து எரிந்துகொண்டிருந்தது.

அவர் தலைமையில் மணம் முடித்த ஒரு பெரியவர், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தில் வந்த மஞ்சள் அரிசியை எல்லாரையும் போலவே அவரும் கை நிறைய எடுத்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது; எல்லாரும் எழுந்து அட்சதை தூவினார்கள். அவர் எழவில்லை. மேளம் அடங்கிய பிறகு, வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்த அரிசியை ஒரு மணி சிந்தாமல் அதில் கொட்டி முடிந்து வைத்துக்கொண்டார். பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், மொய் எழுதினார், என் சித்தப்பாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பிள்ளை நல்லா இருக்கட்டும் தம்பி, அதில குறையில்ல. ஆனா அந்த மந்திரத்துக்கு நான் சாட்சி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

சடங்கை நடத்துபவர் தனியாக எதையும் செய்வதில்லை. கூடியிருப்பவர்களின் ஒப்புதலையும் சேர்த்தே அவர் பெறுகிறார். நம் ஊரில் அட்சதை எதுவோ, கிறிஸ்தவ வழிபாட்டில் ஆமென் அதுவே. ஜெபம் செய்பவர் "ஜெபிப்போமாக" என்றவுடன் லட்சக்கணக்கானோர் தலை குனிய வேண்டும். முடிவில் ஆமென் சொல்ல வேண்டும். சொற்பொழிவாளர் ஒருவர் பேசினால் மனத்துக்குள் மறுக்கலாம், மறுநாள் பதில் எழுதலாம். ஜெபத்துக்கு மறுமொழி கிடையாது. உன் திருமணம் பாவம் என்று நம்புகிறவருக்கு முன், உன் வெற்றி நாளில், நீயே தலை குனிந்து நில் என்று கேட்பதாகவே அந்த அழைப்பு பலருக்குப் பட்டது. அவர்களுடைய கோபத்தை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன்.

பதவியேற்பில் ஜெபம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறதா?

சொல்லவில்லை. அங்குள்ள அரசமைப்பு வகுத்திருப்பது முப்பத்தைந்து சொற்கள் கொண்ட உறுதிமொழியை மட்டுமே. முடிவில் பலர் சேர்த்துச் சொல்லும் 'கடவுள் எனக்குத் துணை நிற்பாராக' என்ற தொடர்கூட அதில் இல்லை. பதவியேற்பு மேடையிலேயே ஜெபம் இடம்பெறும் வழக்கம் 1937-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரண்டாம் பதவியேற்பிலிருந்து தொடர்கிறது. வழக்கமாக நிலைத்துவிட்ட பிறகு, யாரை அழைப்பது என்பது புதிய அதிபர் நாட்டுக்குக் கொடுக்கும் முதல் சைகையாக ஆகிவிட்டது. 2009 விழாவில் ஜெபமே கூடாது என்று நாத்திகர் தரப்பிலிருந்து வழக்கும் தொடரப்பட்டது; நீதிமன்றம் தடை விதிக்கவில்லை.

நம் நாட்டில் பதவியேற்பவர் 'கடவுளின் பெயரால்' ஆணையிடலாம், அல்லது 'உளமார' உறுதி கூறலாம், தேர்வு அவருடையது. இடையில் சமயகுரு யாரும் நிற்பதில்லை. புதுச்சேரி அரசு விழாக்கள் பாரதிதாசன் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகின்றன. இந்த ஏற்பாட்டின் அருமையை, அமெரிக்கச் சர்ச்சையைப் படித்த பிறகே நான் முழுவதும் உணர்ந்தேன்.

ஒபாமா ஏன் வாரனைத் தேர்ந்தெடுத்தார்?

அவர் வெளியில் சொன்ன காரணம் தெளிவானது. அறிவிப்புக்கு மறுநாள் சிகாகோவில் செய்தியாளர்களிடம் பேசியபோது, ஒருபாலீர்ப்பினரின் சமத்துவத்துக்காகத் தாம் தொடர்ந்து வாதாடுபவர் என்பதை நினைவூட்டினார். கருத்து வேறுபாடு இருப்பது தெரிந்தே வாரன் முன்பு தம்மைத் தம் சபைக்கு அழைத்ததையும் எடுத்துச் சொன்னார். பல தரப்பினரும் ஒரே விழாவில் இடம்பெற வேண்டும், மாறுபட்டாலும் பகைக்க வேண்டியதில்லை என்பதே அவருடைய வாதம்.

வெளியில் சொல்லாத காரணங்களும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. இருபது ஆண்டுகள் அவர் சென்றுவந்த சிகாகோ சபையின் போதகர் ஜெரமையா ரைட்டின் பழைய பிரசங்கங்கள் 2008 மார்ச்சில் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பப்பட்டுப் பெரும் புயலைக் கிளப்பின. மே மாத இறுதியில் ஒபாமா அந்தச் சபையிலிருந்தே விலகினார். தமக்குத் திருமணம் நடத்தி வைத்த போதகரை மேடையேற்ற முடியாத நிலையில், தமக்கு வாக்களிக்காத வெள்ளையின நற்செய்திச் சபையினரிடையே செல்வாக்குள்ள ஒருவரை மேடையேற்றுவது அரசியலாக லாபம் தரும் கணக்காகத் தோன்றியிருக்கலாம். கணக்கில் விட்டுப்போனது, அந்த லாபத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது.

எதிர்த்தவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள் யார்?

ஒருபாலீர்ப்பினரின் உரிமைக்காகப் பாடுபடும் மனித உரிமைப் பிரச்சார அமைப்பின் தலைவர் ஜோ சால்மனீஸ் ஒபாமாவுக்கு வெளிப்படையான கடிதம் எழுதினார். தம் ஒருபாலீர்ப்பை மறைக்காத நாடாளுமன்ற உறுப்பினரும் ஒபாமா கட்சியின் மூத்தவருமான பார்னி பிராங்க் இது தவறு என்றார். கருக்கலைப்பு பற்றிய வாரனின் கருத்துகளுக்காகப் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்தன. எதிர் தரப்பும் நிம்மதியாக இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்: கருக்கலைப்பை ஆதரிக்கும் அதிபருக்காக எப்படி ஜெபிக்கலாம் என்று வாரனின் சொந்த ஆதரவாளர்களிலும் ஒரு பகுதியினர் அவரைக் கண்டித்தார்கள்.

எல்லா ஒருபாலீர்ப்பினரும் ஒரே குரலில் பேசவும் இல்லை. பாடகி மெலிசா எத்தரிட்ஜ் வாரனைச் சந்தித்துப் பேசிவிட்டு, உரையாடலுக்குக் கதவு திறந்திருக்கட்டும் என்ற பொருளில் எழுதினார்.

எதிர்ப்புக்குப் பிறகு ஒபாமா தரப்பு என்ன செய்தது?

வாரனை மாற்றவில்லை. நிறைவு ஜெபத்துக்கு ஜோசப் லோவரி முன்பே அறிவிக்கப்பட்டிருந்தார். மார்ட்டின் லூதர் கிங்கோடு தோளோடு தோள் நின்ற, 87 வயதான மெதடிஸ்ட் போதகர் அவர். பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 18 அன்று, லிங்கன் நினைவிடத்தில் நடந்த தொடக்க நிகழ்ச்சியில் ஜெபிக்க நியூ ஹாம்ப்ஷயர் ஆயர் ஜீன் ராபின்சன் அழைக்கப்பட்டார். தம் இணையரோடு வாழ்வதை மறைக்காமலே 2003-இல் எபிஸ்கோபல் திருச்சபையின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். வாரனுக்கான அழைப்பைக் கடுமையாக விமர்சித்தவரும்கூட.

ராபின்சனின் ஜெபத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். எங்கள் பலவிதமான புரிதல்களின் கடவுளே என்று விளித்துத் தொடங்கி, எங்களைக் கண்ணீரால் ஆசீர்வதியும், கோபத்தால் ஆசீர்வதியும் என்று கேட்கிறது அது. அகதிகள், பெண்கள், நிறத்தால் ஒதுக்கப்பட்டோர், ஒருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோருக்கு எதிரான பாகுபாட்டைக் கண்டு வரும் கோபத்தையே அவர் வரமாகக் கேட்டார். ஆனால் அந்த நிகழ்ச்சியின் நேரடி ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே அவருடைய ஜெபம் முடிந்துவிடும்படி நிரல் அமைந்திருந்ததால், வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அது கிட்டவில்லை. காயத்துக்கு மருந்து என்று கொடுத்ததே மறுபடி காயமானது. முதன்மை மேடையில் ஒருவர், திரை விலகுமுன் இன்னொருவர் என்பதைச் சமநிலை என்று யாராலும் சொல்ல முடியாது.

வாரன் அன்று என்னதான் ஜெபித்தார்?

சர்ச்சைக்குரிய எதையும் அவர் சொல்லவில்லை. யூதர்களின் மறைமொழியிலிருந்து ஒரு வரியைத் தொடக்கத்தில் சொன்னார். மாறுபடும்போதும் நாகரிகம் தவறாதிருக்க அருள் கேட்டார். இயேசுவின் பெயரை எபிரேயம், அரபு, ஸ்பானியம் ஆகிய மொழிகளின் வடிவிலும் உச்சரித்தார். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தோடு முடித்தார். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று நம் ஊர்ச் சீர்திருத்தச் சபையாரும், 'விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே' என்று கத்தோலிக்கரும் சொல்லும் அதே ஜெபம்தான். சொற்கள் நன்றாகவே இருந்தன என்பதை எதிர்த்தவர்களில் பலரும் ஒப்புக்கொள்வார்கள். கேள்வி சொற்களைப் பற்றியதாக ஒருபோதும் இருக்கவில்லை.

அன்றைய விழாக்களில் பிற சமயத்தவர் எவரும் இல்லையா?

மறுநாள் காலை வாஷிங்டன் பேராலயத்தில் நடந்த தேசிய வழிபாட்டில் யூத, இஸ்லாமிய, இந்து சமயத்தவரும் பங்கேற்றார்கள். அதில் பிரசங்கம் செய்தவர் ஷரன் வாட்கின்ஸ். அந்த வழிபாட்டில் பிரசங்கித்த முதல் பெண் அவரே.

சொந்த ஆதரவாளர்களே தலைவரைத் தாக்கினால் எதிரிக்குத்தானே லாபம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கட்சியில் நீண்ட காலம் உழைத்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் தலைவர் தோற்ற காலத்தில் கூட நின்றவர்களுக்கு, வென்ற காலத்தில் கேள்வி கேட்கும் உரிமை இல்லையென்றால், அந்த உரிமை வேறு யாருக்கு உண்டு? எதிர்த்தவர்கள் ஒபாமாவை விட்டு ஓடவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பெரியவரைப் போலவே, உறவை முறிக்காமல், அட்சதையை மட்டும் தர மறுத்தார்கள்.

வாரனோடு பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரை அழைத்து அமர்த்தி, எய்ட்ஸ் பணி பற்றியோ வறுமை பற்றியோ பேசியிருந்தால் அதில் குறை காண மாட்டேன். எத்தனை பேர் எதிர்த்தாலும் அத்தகைய பேச்சை ஆதரிப்பேன். பேசும் இடத்தில் இருவருக்கும் நாவு உண்டு. சடங்கு மேடையில் ஒருவருக்கு மட்டுமே நாவு. மற்றவர்களுக்குக் குனிந்த தலைதான் மிச்சம். ஒபாமாவின் பிழை, அங்கே கொடுக்க வேண்டியதை இங்கே கொடுத்தது.

எதிர்ப்பால் ஏதாவது பயன் விளைந்ததா?

நான்கு ஆண்டுகள் கழித்து விளைந்தது. 2013 ஜனவரியில் இரண்டாம் பதவியேற்பின் நிறைவு ஜெபத்துக்கு அட்லாண்டாவைச் சேர்ந்த போதகர் லூயி கிக்லியோ அறிவிக்கப்பட்டார். 1990-களில் ஒருபாலீர்ப்புக்கு எதிராக அவர் செய்த பிரசங்கம் வெளிவந்ததும், ஓரிரு நாள்களில் அவரே விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாகக் கியூபாவில் பிறந்த எபிஸ்கோபல் குரு லூயிஸ் லியோன் வந்தார். தொடக்க ஜெபத்தைச் செய்தவர் மர்லி எவர்ஸ்-வில்லியம்ஸ்; 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்சின் மனைவி. குருப்பட்டம் பெறாத ஒரு பெண் அந்த மேடையில் தொடக்க ஜெபம் செய்தது அதுவே முதல் முறை. 2012 மே மாதத்தில் ஒபாமாவே ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவு தெரிவித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 டிசம்பரில் எழுந்த கூச்சல் இல்லாமல் இவை நடந்திருக்குமா என்று நிறுவ முடியாது. ஆனால் 2013-இல் எவரும் 'ஐந்து நிமிடம்தானே' என்று கேட்கவில்லை.

இது ஒபாமாவின் கட்சிக்கு மட்டும் உள்ள சிக்கலா?

இல்லை. 2017-இல் டொனால்ட் டிரம்பின் பதவியேற்பில் ஆறு சமயத் தலைவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் பவுலா ஒயிட் செழிப்பை வாக்களிக்கும் உபதேசத்துக்காகப் பழமைவாதக் கிறிஸ்தவர்களாலேயே கண்டிக்கப்பட்டார்.

நம் பக்கத்தில் இதைப் போன்ற நிகழ்வுகள் உண்டா?

உண்டு. 2022 ஜூலையில் தருமபுரி மாவட்டத்தில் ஏரிச் சீரமைப்புப் பணிக்குப் பூமி பூசை போட ஏற்பாடாகியிருந்தது. அங்கு வந்த, அப்போதைய ஆளுங்கட்சியான திமுகவின் நாடாளுமன்ற உறுப்பினர் செந்தில்குமார், அரசு விழாவில் ஒரு சமயத்தின் குருவை மட்டும் வைத்துப் பூசை செய்வது ஏன், மற்றவர்கள் எங்கே என்று அதிகாரிகளைக் கேட்டார். 2024 ஆகஸ்டில் அறநிலையத் துறை பழநியில் நடத்திய முருகன் மாநாட்டின் தீர்மானங்களை, அரசின் நெருங்கிய தோழமைகளான திராவிடர் கழகமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விமர்சித்தன.

என் மனத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நம் கடலூர் மாவட்டத்து வடலூர். 1872-இல் சத்திய ஞான சபையை அமைத்த வள்ளலார், சாதி சமயச் சடங்குகளை விலக்கி ஜோதி வழிபாட்டை மட்டுமே வைத்தார். அவருக்குப் பிறகு அங்கே சிவலிங்கப் பூசை உள்ளே வந்தது. பரம்பரையாக வந்த குருக்கள் அதை நடத்தினார்கள். அன்பர்கள் விடாமல் முறையிட்டதன் பேரில் 2006-இல் அறநிலையத் துறை வள்ளலார் வகுத்த முறையே பின்பற்றப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. 2010-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தைப்பூசத்தன்று ஏழு திரை விலகும்போது அங்கே நின்றிருக்கிறேன். சபைக்குள் யார் நின்று என்ன செய்கிறார் என்பது ஏன் அந்த அன்பர்களுக்கு அத்தனை முக்கியமாக இருந்தது என்பதை, அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றபோது எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி எதிர்ப்பது நம்பிக்கையுள்ளவர்களை அவமதிப்பது ஆகாதா?

ராபின்சனும் லோவரியும் நம்பிக்கையுள்ளவர்களே. எதிர்த்தவர்களில் சபைக்குச் செல்பவர்கள் ஏராளம். இதை ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் நடந்த சண்டையாகச் சுருக்கினால் பாதி ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள். கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் பூசாரி சித்திரையில் திருநங்கையர் கழுத்தில் தாலி கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தி அல்ல. விலக்கப்பட்டவர்களுக்கும் சடங்கு வேண்டும். தங்களை ஏற்றுக்கொள்ளும் கையால் அது நடக்க வேண்டும்.

அந்த 18,000 திருமணங்கள் என்னவாயின?

2009 மே மாதத்தில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் எட்டாம் முன்மொழிவு செல்லும் என்றாலும், அதற்கு முன்பு நடந்த திருமணங்களைக் கலைக்க மறுத்துவிட்டது. 2010-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. மேல்முறையீடுகள் முடிந்து 2013 ஜூன் இறுதியில் பதிவு அலுவலகங்கள் மீண்டும் திறந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜூன் 26 தீர்ப்போடு நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது. செயலிழந்த பிறகும் அந்தப் பதினான்கு சொற்கள் கலிபோர்னிய அரசமைப்பின் ஏட்டில் எழுத்தளவில் கிடந்தன. 2024 நவம்பர் 5 அன்று, பதினாறு ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தின் வாக்காளர்கள் இன்னொரு வாக்கெடுப்பில் அவற்றை நீக்கினார்கள்.